அண்ணி திறந்த பானெட்

"வால்பாறைக்குப் போய் வாருங்கள். அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்று ஆசிரியர் சொன்னபோது, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சென்னையில் ஏப்ரல் மாதத்து வெயில்! மலைக்குப் போ என்று சொல்கிறவரை யாராவது மறுப்பார்களா? ஆனால் நான் கொண்டுவந்திருப்பது வளைவுகளின் கணக்கு அல்ல. ஒரு தகர மூடியின் கதை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

இது 2024-ல் நடந்தது. கோயம்புத்தூரில் என் அண்ணி இருக்கிறாள். அண்ணா 2022-ல் காலமாகிவிட்டார். அவர் 2012-ல் வாங்கிய சின்னக் கார் ஒன்று வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. அண்ணிக்குக் கார் ஓட்ட நன்றாகத் தெரியும். அண்ணாதான் கற்றுக் கொடுத்தார். அந்த வீட்டில் ஒரு பாகப் பிரிவினை உண்டு. ஓட்டுவது இருவரும், வண்டிக்குக் காற்று, தண்ணீர், எண்ணெய் பார்ப்பது அண்ணா மட்டும். "பானெட்டுக்குள்ளே என்ன இருக்குன்னு நான் பார்த்ததே இல்லை, தம்பி. அது அவரோட பீரோ மாதிரி" என்பாள் அண்ணி.

அண்ணா போன பிறகு அந்த வண்டி காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருவதோடு சரி. பெங்களூரில் இருக்கும் மகள், "வித்துடும்மா, ஆட்டோவிலே போயிக்கலாம்" என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரரின் மருமகன் திங்கட்கிழமை வந்து முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு.

நான் சனிக்கிழமை வால்பாறை போகிறேன் என்றதும் அண்ணி, "பஸ்ஸிலே எதுக்கு? நம்ம வண்டியிலேயே போயிடலாம். நான் ஓட்டறேன். கடைசியா ஒரு தடவை" என்றாள். அண்ணியின் அப்பா வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அவள் பிறந்ததும் பத்து வயது வரை வளர்ந்ததும் அங்கேதான். அந்த வீட்டையும் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணி. "கண்ணாடி துடைக்கிற தண்ணீர் தீர்ந்து போச்சு, கொஞ்சம் ஊற்றி வைங்க" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டு அண்ணி இட்லி கட்டப் போய்விட்டாள். நான் பட்டதாரி. பத்திரிகையாளன். ஒரு மூடியைத் திறக்கத் தெரியாதா?

ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன். ஏதோ ஒன்று அகப்பட்டது. இழுத்தேன். பின்னால் பெட்ரோல் மூடி திறந்துகொண்டது! மறுபடியும் தடவி, முழங்கால் பக்கத்தில் இருந்த இன்னொரு பிடியை இழுத்தேன். முன்னால் 'டப்' என்று சத்தம். பானெட் ஓர் அங்குலம் எழும்பி நின்றது. அதற்கு மேல் வரவில்லை. நானும் அதனோடு மல்லுக்கட்டினேன். கடைசியில், அந்த அங்குல இடுக்கில் விரலை விட்டால் நடுவில் ஒரு கொக்கி இருக்கிறது, அதை நெம்பினால்தான் மூடி எழும் என்று கண்டுபிடித்தேன். கொலம்பஸுக்குக் கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

தண்ணீரை ஊற்றினேன். பக்கத்திலேயே என்ஜினைக் குளிர வைக்கும் 'கூலன்ட்' டப்பா இருந்தது. அதையும் ஒரு பார்வை பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகக் குறைந்திருக்கும். பார்க்கவில்லை. பானெட்டை மெதுவாக, குழந்தையைத் தொட்டிலில் இடுவது போல் இறக்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் நடுவில் அழுத்தினேன். 'டக்' என்று கேட்டது. திருப்தியோடு இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலை இப்போது அகலமான நாலு வழிச் சாலை. இரு புறமும் தென்னந்தோப்பு. கிணத்துக்கடவு தாண்டியதும் அண்ணி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள். முள் எண்பதைத் தொட்டது. அப்போது பானெட் லேசாக நடுங்கிற்று. காற்று என்று நினைத்தேன். மறு நிமிஷம் அது 'தடதட'வென்று அடித்துக்கொண்டு, முன் விளிம்பு ஓர் அங்குலம் மேலே தூக்கி நின்றது!

"அண்ணி, பிரேக்! பிரேக்!" என்று கத்தினேன். அண்ணி பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தாள். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நாலு விளக்குகளும் மின்னும் பொத்தானை அமுக்கி, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெல்ல மெல்ல இடது ஓரத்துக்கு வந்து நிறுத்தினாள். நின்ற பிறகுதான் அவள் கை நடுங்குவதைப் பார்த்தேன்.

நான் கேட்ட அந்த 'டக்', முழுப் பூட்டு விழுந்த சத்தமே அல்ல. காலையில் என்னை மல்லுக்கட்ட வைத்த அந்த இரண்டாவது கொக்கி மாட்டிய சத்தம். பானெட்டுக்குக் காவல் இரண்டு. ஒன்று, உள்ளேயிருந்து பிடியை இழுத்தால் விடுபடும் பிரதானப் பூட்டு. அது விழாமல் போனாலும், ஓடுகிற வேகத்தில் மூடி பறந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க இந்த இரண்டாவது கொக்கி. அதுவும் இல்லாவிட்டால்? காற்று மூடியை அப்படியே மேலே புரட்டி முன் கண்ணாடியில் அறைந்திருக்கும். கண்ணாடியும் உடையும், சாலையும் மறையும். எந்தக் கொக்கியை அனாவசியம் என்று காலையில் திட்டினேனோ அதுதான் எங்கள் இருவரையும் காப்பாற்றியது.

"நீங்க மூடினது சரியில்லை போலிருக்கு" என்று மட்டும் அண்ணி சொன்னாள். நான் இறங்கிப் போய், என் பலம் முழுவதையும் காட்டி அழுத்தினேன். இந்த முறை பூட்டு விழுந்தது. கூடவே அண்ணாவின் வண்டியில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளமும் விழுந்தது. அண்ணி அந்தப் பள்ளத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பொள்ளாச்சி வரை இருவரும் பேசவே இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு வரை சமதரை. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் எழுந்த அணையின் நீர்த் தேக்கத்தைக் கடந்ததும் வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கே பிளாஸ்டிக் பைகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஆனைமலை 2007-லிருந்து புலிகள் காப்பகம். எங்களிடம் இருந்தது வாழை இலையில் கட்டிய இட்லி, மரியாதையோடு அனுப்பிவிட்டார்கள். குரங்கு அருவியைத் தாண்டினால் வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. 1/40, 2/40 என்று நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்.

ஒன்பதாவது வளைவுக்கு 'லோம்ஸ் வியூ' என்று பெயர். இந்தச் சாலையைப் போட்ட லோம் என்ற வெள்ளைக்காரரின் பெயராம். அங்கிருந்து பார்த்தால் ஆழியாற்று நீர்ப்பரப்பு முழுவதும், யாரோ நீலப் பட்டுப் புடவையை வெயிலில் உலர்த்தியிருப்பது போல் விரிந்து கிடக்கிறது. ஆனால் நாங்கள் அதை முதலில் பார்க்கவில்லை. எட்டாவது வளைவிலேயே வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறிவிட்டது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தியபோது பானெட்டின் இடுக்குகளிலிருந்து இட்லிக் கொப்பரையைப் போல் ஆவி வந்துகொண்டிருந்தது.

நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன்.

"ஏனுங் தம்பி! கையை எடுங்க! தொடாதீங்க!"

பக்கத்தில் நின்ற காய்கறி ஜீப்பிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. தமது வலது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி, வழவழவென்று பளபளத்தது.

"87-லீங்க. இதே ரோட்டுலதான். லாரி கொதிச்சுப் போச்சு. ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். சாக்காவது, ஒண்ணாவது! ஆளுயரத்துக்கு அடிச்சுதுங்க. மூஞ்சியைத் திருப்பிட்டேன், கண்ணு தப்பிச்சுது" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "அம்மிணி, வண்டியை ஆப் பண்ணிட்டீங்களா? கை பிரேக்கு? கியருல போடுங்க. சாவியை எடுத்துக்குங்க" என்றார். நான் ஒரு கல்லைக் கொண்டுவந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். அன்று நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

ரேடியேட்டர் மூடிக்கு உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. நம் பிரஷர் குக்கர் சமாசாரம்தான். அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்தாலோ அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகிப் பொங்கி வரும். குக்கரில் வெயிட்டைத் தூக்காமல் மூடியைத் திறக்கும் பெண்மணி யாராவது உண்டா? ஆண்பிள்ளைகள் காரில் அதைத்தான் செய்கிறோம். ஆவி வரும்போது பானெட்டைத் திறப்பதே கூட ஆபத்து, முகத்தில் அடிக்கும். ஆவி அடங்கும் வரை தள்ளி நிற்க வேண்டும். பிறகும் அரை மணி நேரம் ஆற விட வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தில்தான் ஆழியாற்றைப் பார்த்தோம். இட்லி தின்றோம். பாறை விளிம்பில் இரண்டு வரையாடுகள் நின்றுகொண்டு, பாதாளத்தைப் பற்றிக் கொஞ்சமும் கவலையில்லாமல் புல் மேய்ந்தன. பெரியவர் கதை சொன்னார். சிறு பையனாக இருந்தபோது ஓர் எஸ்டேட் மானேஜரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் துடைக்கிற வேலையாம். அறுபதுகளில் சென்னையில் செய்யப்பட்ட அந்தக் காரில் பானெட் தலைகீழ்ச் சம்பிரதாயம். முன்னால் கீல், மட்கார்டுகளோடு சேர்த்து மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். "அதுல காத்து அடிச்சா மூடிக்குமுங்க, இதுல காத்து அடிச்சாத் தெறந்துக்கும்" என்றார். காலையில் நடந்ததை அண்ணி அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வரையாட்டைப் பார்த்தேன்.

ஆவி நின்று வெகு நேரமாயிற்று. பெரியவர் எழுந்தார். நானும் எழுந்தேன். "நீங்க இருங்க தம்பி. அம்மிணி தெறக்கட்டும். வண்டி அவங்களதுதானே?" என்றார்.

அண்ணி தயங்கினாள். "எனக்குத் தெரியாதுங்க. அவர் இருந்தவரைக்கும் இந்தப் பக்கமே வந்ததில்லை."

"அதுக்குத்தான் சொல்றேன். மொதல்ல முந்தானையை இழுத்துச் சொருகிக்குங்க. பின்னலை உள்ளே போட்டுக்குங்க. வளையலைக் கழட்டித் தம்பிகிட்டக் குடுங்க."

வளையல் எதற்கு என்று கேட்டேன். பாட்டரியின் ஒரு முனையிலும் வண்டியின் இரும்பிலும் ஒரே சமயத்தில் தங்க வளையல் பட்டால், நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடுமாம். தாலிச் சங்கிலி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே விதி. குனியும்போது ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

அண்ணி உள்ளேயிருந்து பிடியை இழுத்தாள். 'டப்'. முன்னால் வந்து, புறங்கையால் தகரத்தைத் தொட்டுச் சூடு பார்த்தாள். விரலை இடுக்கில் விட்டுக் கொக்கியைத் தேடினாள்; நெம்பினாள். பானெட் எழுந்தது. ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டே மறு கையால் முட்டுக் கம்பியை அதன் பிடிப்பிலிருந்து விடுவித்தாள். "அங்கே சும்மா எங்கேயாவது சாத்தி வைக்காதீங்க. அதுக்குன்னு ஓட்டை இருக்கும், அம்புக்குறி போட்டிருக்கும் பாருங்க" என்றார் பெரியவர். அம்புக்குறி இருந்தது. கம்பியின் முனை அதற்குள் போய் அமர்ந்ததும் அவர் மூடியை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தார். மலைக் காற்று திடீரென்று திசை மாறி அடித்தால், சரியாக மாட்டாத கம்பி நழுவிவிடும். உள்ளே குனிந்திருப்பவரின் தலையில்தான் அந்த மூடி விழும்.

அண்ணி குனிந்து பார்த்தாள். அப்போது 'விர்'ரென்று ஒரு சத்தம்! சாவி அண்ணியின் இடுப்பில். என்ஜின் நின்று முக்கால் மணி ஆகிறது. ஆனாலும் முன்னால் இருந்த மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கிவிட்டது! அண்ணி துள்ளிப் பின்னால் வந்தாள். முந்தானை மட்டும் தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. என்ஜின் சூடாக இருந்தால் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி அப்படித்தான் ஓடுமாம். "அது நிக்கற வரைக்கும் கையை விடப்படாதுங்க" என்றார் பெரியவர், ஒன்றும் நடக்காதது போல. சிறிது நேரத்தில் விசிறி தானே நின்றது.

கூலன்ட் டப்பாவில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கீழ்க் கோட்டுக்கும் கீழே டப்பா காலி. ஒரு ரப்பர்க் குழாயை இறுக்கியிருக்கும் வளையம் தளர்ந்து அங்கே ஈரம் கசிந்திருந்தது. பெரியவர் திருப்புளியைக் கொடுத்தார், அண்ணியே இறுக்கினாள். துணியைப் போட்டு மூடியைக் கால் திருகு திருகி, 'உஸ்' என்ற சத்தம் அடங்கிய பிறகு முழுதும் திறந்து, கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றினாள். சூடு தணியாத என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். வெறும் தண்ணீர் அவசரத்துக்குத்தான். ஊருக்குப் போனதும் கூலன்ட் மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

இனி மூட வேண்டும். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், "நீங்கள் தள்ளி நில்லுங்கள்" என்று எழுதியிருந்தது. துணி, திருப்புளி ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று பார்த்தாள். முட்டுக் கம்பியை எடுத்து அதன் பிடிப்பில் அமர்த்தினாள். அது நீட்டிக்கொண்டிருக்கும்போது மூடினால் கம்பியும் வளையும், பானெட்டும் வளையும். பெரியவர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து ஓர் அடி உயரம் காட்டினார். "இவ்வளவு ஒசரத்துக்கு எறக்குங்க. கையை எடுத்துடுங்க. அது பாட்டுக்கு விழட்டும்."

"ஐயோ, உடைஞ்சிடாதா?"

"அமுக்கினாத்தானுங்க நசுங்கும். விழுந்தா அதோட பாரமே பூட்டிக்கும்."

அண்ணி கையை எடுத்தாள். 'தொப்'! ஒரே சத்தம். காலையில் நான் கேட்ட 'டக்'குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் செவிடனுக்கும் புரியும். விளிம்பில் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. இரு புறமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒருவேளை பூட்டு விழாவிட்டால் மேலே அழுத்தக் கூடாது. மறுபடி திறந்து மறுபடி விழவிட வேண்டும். (கம்பிக்குப் பதிலாகக் காற்றுத் தண்டு வைத்த பெரிய வண்டிகளில் மூடி தானாக விழாது, அவற்றில் பூட்டுக்கு நேர் மேலே, விளிம்பில் கை வைத்து அழுத்த வேண்டும்.) பக்கத்தில் குழந்தைகள் இருந்தால், அவர்கள் கைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் எந்த மூடியையும் மூட வேண்டும் என்பது என் சொந்தச் சேர்க்கை.

பெரியவரிடம் பணம் நீட்டினேன். வாங்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு இட்லிகளை மட்டும் வாங்கிக்கொண்டார். "ஏறுறப்ப ஏசி வேண்டாமுங்க, கண்ணாடியை எறக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பெயர் கேட்க மறந்தே போனோம்.

மீதி முப்பத்தொரு வளைவுகளை நான் எண்ணவில்லை. அட்டகட்டிக்கு மேலே குளிர் காற்று ஜன்னல் வழியே வந்தது. பிறகு தேயிலை, மலை மலையாகத் தேயிலை. வால்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாக இருந்தன. அவை சாலையில் இறங்கி அடிபடாமல் கடப்பதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாலத்தில் போகாமல் ஒரு குரங்கு எங்கள் பானெட்டின் மேல், சரியாக என் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது! அண்ணி அன்று முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

கம்பவுண்டர் வீடு இருந்தது. ஓட்டுக்குப் பதில் தகரம் போட்டிருந்தார்கள். இப்போது குடியிருக்கும் குடும்பம் எங்களை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தது. சமையலறைச் சுவரில் அண்ணியின் உயரத்தை அவள் அப்பா வருஷா வருஷம் கோடு கிழித்து வைத்திருந்தாராம். பல தரம் வெள்ளையடித்ததில் அது மறைந்துவிட்டது. அண்ணி அந்த இடத்தில் கையை வைத்துச் சற்று நேரம் நின்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். இரவு நல்ல குளிர். ஞாயிறு காலை நான் போர்வையை விட்டு வெளியே வந்தபோது, அண்ணி முந்தானையைச் சொருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்று பானெட்டை 'தட், தட்' என்று தட்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "குளிருக்குப் பூனை கீனை உள்ளே படுத்திருக்குமாம். தட்டிட்டுத் திறக்கணுமாம். விடுதிக்காரம்மா சொன்னாங்க" என்றாள். பூனை இல்லை. கூலன்ட் கோடு வரை இருந்தது. எண்ணெய்க் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். இது யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "உங்க அண்ணா செய்யறதை வாசல்படியிலேர்ந்து பத்து வருஷம் பார்த்திருக்கேனே" என்றாள்.

ஓர் அடி உயரத்திலிருந்து கையை எடுத்தாள். 'தொப்'.

இறங்கும்போது எதுவும் நடக்கவில்லை. ஆகவே எழுதவும் ஒன்றுமில்லை. அன்று இரவே நான் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை மாலை, கட்டுரையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தாள். மெக்கானிக் கூலன்ட் மாற்றிக் கொடுத்துவிட்டாராம்; குழாய் வளையத்தையும் புதிதாகப் போட்டாராம்; மொத்தமும் பக்கத்தில் நின்று பார்த்தாளாம்.

"எதிர்வீட்டு மருமகன் வந்தாரா, அண்ணி?"

"வந்தார். காபி கொடுத்து அனுப்பிட்டேன்" என்றாள். "அந்தப் பள்ளத்தைத் தட்டி எடுக்க என்ன செலவாகும்னு கேட்டிருக்கேன், தம்பி. பில்லு உங்க பேருக்குத்தான் வரும்."